இரண்டு மெமோக்களுக்கு நடுவில் லேப் அக்கா

எங்கள் பள்ளி அறிவியல் பள்ளி. வாசல் கதவிலேயே இரும்புக் கம்பியை வளைத்து ஓர் அணு செய்து மாட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு எலக்ட்ரான் கழன்று விழுந்து ஆறு வருடமாகிறது. இப்படிப்பட்ட பள்ளியில் நான் மொழிப்பாடம் நடத்துகிறேன். கண் ஆஸ்பத்திரியில் பல் டாக்டருக்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவு மரியாதை இங்கே எனக்கு உண்டு.

இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை என்னைத் தேடி வருவார்கள். மாணவர்களின் சாதனைகளைத் தொகுத்து ‘சாதனை மலர்’ என்று ஒன்று போடுகிறோம். யார் எந்தப் போட்டியில் என்ன பரிசு வாங்கினார்கள், எந்த வகுப்பு எந்தத் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வந்தது, எட்டாம் வகுப்பு விட்ட ராக்கெட் எந்த மரத்தில் மாட்டிக்கொண்டது, எல்லாம் அதில் வரும். அறிவியல் ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். ஒவ்வொரு செய்தியும் ‘பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று முடிய வேண்டும் என்பது முதல்வரின் உத்தரவு. அந்த வகையில் பதினாறு வருடமாக நான் பெருமகிழ்ச்சியில் இருக்கிறேன். என் வீட்டில் யாரும் இதைக் கவனித்ததில்லை.

போன வருடம் வரை எந்த மலரிலும் ஒரு வரிகூட வராத ஒருவரைப் பற்றி இப்போது எழுதுகிறேன். வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளர். லேப் அக்கா என்பார்கள். முதல்வருக்கும் அவர் அக்கா, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அவர் அக்கா. அவருடைய வீட்டுக்காரரே பள்ளிக்குப் போன் செய்தால் “லேப் அக்கா இருக்காங்களா?” என்றுதான் கேட்பார். சொந்தப் பெயரைச் சொன்னால் அப்படி யாரும் இங்கே இல்லை என்று ஆபீஸில் வைத்துவிடுவார்கள். ஒருமுறை வைத்தும் இருக்கிறார்கள்.

அக்கா வேலைக்குச் சேர்ந்து இருபத்து மூன்று வருடம். சேர்ந்த முதல் வருடமே செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்திருக்கிறார். அலமாரியின் இரண்டாம் தட்டைப் பார்த்து, “இந்தப் பாட்டில் பாதிதான் இருக்குபோல” என்றிருக்கிறார். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மனுஷர் பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஆனால் அப்போதிருந்த முதல்வர் அதைப் புகாராக எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே அக்காவுக்கு ஒரு மெமோ: ‘இனி ஆய்வக அலமாரியில் எந்தப் பாட்டிலும் எக்காரணம் கொண்டும் தோள்மட்டத்துக்குக் கீழே இருக்கக் கூடாது.’ பாட்டிலின் கழுத்து தொடங்கும் இடத்தைத்தான் தோள் என்பார்கள். எங்கள் பள்ளியில் இரண்டு மெமோ வாங்கினால் வேலை போய்விடும். ஒரு தோட்டக்காரருக்கு அப்படிப் போயிருக்கிறது, அதனால் எல்லோருக்கும் அந்த விதி நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அக்கா அந்த மெமோவை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு, மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பாட்டிலையும் பார்ப்பார். குறைந்திருந்தால் நிரப்புவார். கண்ணை மூடிக்கொண்டு எதையாவது ஊற்றுகிறவர் இல்லை. அமிலம் என்றால் அதே அளவில் புதிதாகக் கலந்து ஊற்றுவார். அவர் கலந்த கரைசலில் தப்பு இருக்கிறது என்று சொல்லி இதுவரை ஒரு மாஸ்டரும் ஜெயித்ததில்லை. தண்ணீர்ப் பாட்டில் என்றால் காய்ச்சி வடித்த தண்ணீர். லேபில் தண்ணீர் என்றால் அது ஒன்றுதான்.

அடுத்தது லேபிள். அக்காவின் கைபட்ட எதிலும் ஒரு வெள்ளைச் சீட்டு இருக்கும். உள்ளே என்ன, எந்தத் தேதி, கடைசியில் ‘லேப்’ என்று ஒரு கையெழுத்து. ‘தொடாதே’ என்று அவர் ஒட்டிய சீட்டை இயற்பியல் மாஸ்டர் ஒருமுறை மதிக்கவில்லை. இரண்டு வாரம் அவருடைய விரல் மஞ்சளாக இருந்தது. அதற்குப் பிறகு அக்காவின் சீட்டை மீறுகிற தைரியம் பள்ளியில் யாருக்கும் வரவில்லை.

அவர் வீட்டுக்கு நான் மூன்று தடவை போயிருக்கிறேன். மாடியில் இரண்டு அறை. சமையலறையில் உப்பு டப்பாவில் ‘உப்பு, 3ஆம் தேதி திறந்தது’ என்று இருக்கும். சர்க்கரையிலும் அப்படியே. டார்ச்சில், மருந்துப் பெட்டியில், குடையில் எல்லாம் சீட்டு. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க மற்றவர்களை மேலே கீழே அனுப்பிவிட்டு வீட்டுக்கு நான்கு மாடி நடந்து ஏறி வருகிறவர். “எம்மேலயும் ஒண்ணு ஒட்டிடச் சொல்லுங்க டீச்சர், எத்தனாம் தேதி வரைக்கும் தாங்கும்னு போட்டு. நானும் நிம்மதியா இருப்பேன்” என்றார். அக்கா சிரிக்கவில்லை. “தயாரிச்ச தேதி சரியாத் தெரியாம ஒட்ட முடியாது” என்றார். அவர் பிறந்த தேதியில் ஏதோ குழப்பம் இருந்திருக்கிறது.

மூன்றாவது பதிவேடு. பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்த தடிமனான நோட்டு. அன்றன்று லேபில் நடந்ததை அக்கா அதில் எழுதுவார். ‘செவ்வாய்: பதினொன்றாம் வகுப்பு. பிப்பெட் ஒன்று உடைந்தது. உடைத்தவர் அழுதார்.’ ‘வியாழன்: சிங்க்கில் பல்லி. உயிருடன் வெளியே விடப்பட்டது.’ மாதத்தின் முதல் நாள் பதிவேடு முதல்வர் மேஜைக்குப் போகும். முதல்வர் பிரிக்கிற பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார். பல்லி விஷயம் அவருக்கு இன்றுவரை தெரியாது.

போன வருடம் பதினொன்றாம் வகுப்பில் மூன்று பேர் சேர்ந்து தண்ணீர் ஆராய்ச்சி செய்தார்கள். ஒருத்தி படம் வரைவாள், ஒருவன் கம்ப்யூட்டரில் அடிப்பான், மிச்ச எல்லாவற்றையும் மூன்றாமவள் செய்வாள். அவளை ஆசிரியர் அறையில் நாங்கள் கேள்விக்குறி என்போம். எதற்கெடுத்தாலும் ஏன் என்பாள். உயரமான பெண், கூனிக்கொண்டு வேறு நிற்பாள், அதனால் பெயர் பொருந்திப் போயிற்று. ஊரில் ஐந்து இடத்திலும் பள்ளி மாடித் தொட்டியிலும் தண்ணீர் பிடித்து, எதில் உப்பு அதிகம், எது கடினம் என்று அளக்க வேண்டும். ஒரு லிட்டர் பாட்டில்கள் ஆறு. சீட்டில் ‘நீர் 1’ முதல் ‘நீர் 6’ வரை எழுதினார்கள். எங்கே பிடித்தது என்று எழுதவில்லை. பாட்டில்களைக் கொண்டுபோய் வைத்த இடம் ஆய்வக அலமாரியின் கீழ்த்தட்டு.

ஆறாவது பள்ளித் தொட்டித் தண்ணீர். எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்பதால் கை பழக அதைத்தான் எடுத்தார்கள். ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சாயம் கலந்து சிவப்பாக இருக்கிற தண்ணீர் நீலமாகும். எவ்வளவு அதிகம் விட வேண்டியிருக்கிறதோ தண்ணீர் அவ்வளவு மோசம். முதல் நாள் இருபத்திரண்டு மில்லி ஆயிற்று. மறுநாள் பதினெட்டுக்குக் கொஞ்சம் கீழே. அதற்கு மறுநாள் பதினாலு. “ஏன் சார் தினமும் குறையுது?” என்று கேள்விக்குறி கேட்டிருக்கிறாள். வேதியியல் மாஸ்டர், “கை பழகுது, அதான்” என்றார். பதினோராவது முறை அளந்தபோது இரண்டரை மில்லியிலேயே நீலமாகிவிட்டது. மாஸ்டர் அவள் தோளைத் தட்டி, “இப்பதான் உன் கை சரியா வந்திருக்கு. பழைய அளவெல்லாம் கிறுக்கல், அதை விட்டுடு” என்றார். அவள் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டாள். கிறுக்கல் நோட்டை மட்டும் தூக்கிப் போடவில்லை.

மற்ற ஐந்து பாட்டிலையும் ஒரே ஒரு தடவைதான் அளந்தார்கள். முடிவு: ஊரிலேயே சுத்தமான தண்ணீர் எங்கள் மாடித் தொட்டியில் இருக்கிறது. பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் இதற்கு முதல் பரிசு. நடுவர்கள் படத்தைப் பார்த்தார்கள், வரைபடத்தைப் பார்த்தார்கள், பாட்டிலைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு கோப்பை கொடுத்தார்கள். கோப்பை அலமாரியின் இரண்டாம் தட்டில் நடுவில் அதை வைத்தபோது, மற்ற கோப்பைகள் எல்லாம் அதன் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

எங்கள் நிர்வாகிக்குத் தலைகால் புரியவில்லை. தாழ்வாரத்தில் இருந்த மூன்று குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரங்களையும் கழற்றச் சொல்லிவிட்டார். இவ்வளவு சுத்தமான தண்ணீருக்கு இயந்திரம் எதற்கு என்பது அவர் கேள்வி. ஒன்று அவர் வீட்டுக்குப் போனதாகக் கேள்வி. தொட்டியிலிருந்து நேராகப் பதினொரு குழாய்கள் போட்டு, ரிப்பன் கட்டி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை சாதனை விழா. அதில் நிர்வாகி முதல் தண்ணீரைக் குடிப்பார். பிறகு அறுநூறு பிள்ளைகளும் வரிசையாகக் குடிப்பார்கள். அறிவியல் பள்ளி என்பதால் அவர் டம்ளரில் குடிக்காமல் லேப் பீக்கரில் குடிப்பதாக ஏற்பாடு. புது பீக்கர் ஒன்றை எடுத்து வைக்கும்படி அக்காவிடம் சொல்லியிருந்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் ஆசிரியர் அறையில் மலரின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். அக்கா வந்து எதிரே நின்றார். கையில் பதிவேடு.

“டீச்சர், அந்தத் தண்ணி விஷயம் எழுதிட்டீங்களா?”

“ஒன்பதாம் பக்கம். பெருமகிழ்ச்சியெல்லாம் போட்டாச்சு. ஏன் அக்கா?”

“அடுத்த சுற்றுக்கு ஆறு பாட்டிலையும் அனுப்பணும், பேக் பண்ணுங்கன்னு மாஸ்டர் சொன்னார். எந்த ஆறுன்னு கேட்டேன். கீழ்த்தட்டுல இருக்கே, அதான் ஊர்த் தண்ணி, ஆறாவது நம்ம தொட்டித் தண்ணின்னார்.” அக்கா பதிவேட்டைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். “அந்த ஆறும் தோள் வரைக்கும் இருக்கு டீச்சர்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பதினோரு தடவை எடுத்து அளந்த பாட்டில் எப்படி நிறைந்தே இருக்கும் என்று யோசித்த பிறகுதான் விளங்கியது. பதிவேட்டில் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்திலிருந்து வரிசையாக எழுதியிருந்தார். ‘நீர் 6. ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நிரப்பப்பட்டது.’ மறுநாளும் அதே வரி. அதற்கு மறுநாளும் அதே வரி. பக்கத்தின் அடியில் முதல்வரின் கையெழுத்து, தேதியுடன், மிக அழகாக.

“லேப்ல நீர்னு எழுதினா நான் எந்த நீரை ஊத்துவேன் டீச்சர்?” என்றார்.

மணி நான்கு ஆகப் போகிறது என்று சொல்லிவிட்டு முதல்வர் அறைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். தைரியத்தால் போகவில்லை, அவரைத் தனியாக விட மனசு வரவில்லை. முதல்வர் பதிவேட்டை வாங்கி வாசித்தார். இருபத்து மூன்று வருடத்தில் அந்தப் பதிவேட்டை முதல்வர் ஒருவர் வாசித்தது அதுதான் முதல் தடவை. வாசித்து முடித்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“இந்தப் பக்கத்தை எடுத்துட முடியாதா?” என்றார்.

“எண் போட்டிருக்கு சார்.”

“சரி, விழா முடியட்டும். அப்புறம் மெதுவாப் பேசிக்கலாம்.”

“நாளைக்குக் காலையில பிள்ளைங்க குடிக்கப் போறாங்களே சார்.”

“ஒரு டம்ளர் தண்ணி என்னம்மா பண்ணிடும்?”

“தொட்டியைக் கழுவிப் பதினாலு மாசம் ஆச்சு. அதுவும் இதுல இருக்கு. தொண்ணூறாம் பக்கம்.”

முதல்வர் தொண்ணூறாம் பக்கத்தைப் பிரிக்கவில்லை. குரலைத் தணித்து, “அக்கா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கு. இது வெளிய வந்தா நிர்வாகி இன்னொண்ணு கொடுக்கச் சொல்வார். ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாசம்தான். வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாருங்க” என்றார்.

வெளியே வந்ததும் நான் வீரமாக ஏதோ சொன்னேன் என்று எழுத ஆசைதான். “பேசாம இருந்துடுங்க அக்கா. இந்த வயசுல வேலை போனா நல்லாவா இருக்கும்?” என்றுதான் சொன்னேன். பயந்துபோய்ச் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை.

“முதல் மெமோ குறைஞ்சதுக்கு வாங்கினேன். ரெண்டாவது நிரப்பினதுக்கு வாங்கப் போறேன். அது போகட்டும். வெளிய ஒண்ணு எழுதி உள்ள வேற ஒண்ணு இருந்தா எனக்குத் தூக்கம் வராது டீச்சர்” என்றார். பிறகு லேபுக்குப் போய், நான்கு மணி வேலையைச் செய்தார். கீழ்த்தட்டில் இருந்த ஆறு பாட்டிலை மட்டும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் வந்தபோது பதினொரு குழாயிலும் வெள்ளைச் சீட்டு இருந்தது. ‘குடிநீர் அல்ல. சோதனையில் பிழை. லேப்.’ கீழே தேதி. ரிப்பனுக்கு மேலே நேராக, கோணாமல் ஒட்டியிருந்தார். பிள்ளைகள் கூட்டமாக நின்று வாசித்தார்கள். ஒருவரும் குழாயைத் தொடவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. முதல்வர் வந்து பார்த்தார். கிழிக்கலாம் என்று கை நீட்டினார். சுற்றிலும் அறுநூறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்ததால் ரிப்பனைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார்.

விழா அரங்கில் எள் போட இடமில்லை. நிர்வாகி நேராகக் காரிலிருந்து மேடைக்கு வந்துவிட்டார், குழாய்ப் பக்கமே போகவில்லை. முதல்வர் அவர் காதில் ஏதோ சொல்லப் பார்த்தார். நிர்வாகிக்குப் படம் எடுக்கும்போது யாராவது பேசினால் பிடிக்காது. கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டார். பீக்கரைத் தூக்கினார். ஒளிப்பட ஆட்கள் முன்னால் வந்தார்கள். அதில் ஒருவர், “சார், அதுல என்னவோ எழுதியிருக்கு” என்றார்.

கையில் எதைக் கொடுத்தாலும் மைக்கில் வாசித்துவிடுவது எங்கள் நிர்வாகியின் பழக்கம். அதையும் வாசித்தார். “குடிநீர் அல்ல. சோதனையில் பிழை. லேப். வெள்ளிக்கிழமை.”

பின்வரிசையில் கைதட்டினார்கள். மேடையில் யார் எதை வாசித்து முடித்தாலும் தட்ட வேண்டும் என்று நாங்கள்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

பரிசு வாங்குவதற்காக அந்த மூன்று பேரும் மேடையில்தான் நின்றார்கள். கேள்விக்குறி மைக்குக்கு அருகில் வந்து, “ஏன்?” என்றாள். கடைசி வரிசையிலிருந்து அக்கா எழுந்து வந்தார். பதிவேட்டை மார்போடு அணைத்திருந்தார். மேடையேறிப் பழக்கமில்லாததால் படியில் ஒருமுறை தடுமாறினார்.

“ஆறாம் நம்பர் பாட்டில்ல தினமும் சாயங்காலம் நான் தண்ணி ஊத்தினேன்மா. வடிச்ச தண்ணி. அது நீங்க பிடிச்சு வச்ச தண்ணின்னு எனக்குத் தெரியாது. நேத்துதான் தெரிஞ்சது” என்றார்.

படம் வரைகிற பெண் அழ ஆரம்பித்தாள். கம்ப்யூட்டரில் அடிக்கிறவன் கூரையைப் பார்த்தான். கேள்விக்குறி பதிவேட்டை வாங்கி மேஜைமேல் விரித்தாள். பையிலிருந்து அந்தக் கிறுக்கல் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“தினமும் அஞ்சுல ஒரு பங்கா அக்கா?”

“ஆமா. அளந்துதான் எழுதினேன்.”

“அப்ப மறுநாள் அஞ்சுல நாலு பங்குதான் மிச்சம் இருக்கும்.” அவள் நிர்வாகியின் பேச்சு எழுதியிருந்த தாளைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கம் கணக்குப் போட்டாள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னாள். மைக் அதைப் பிடித்துக்கொண்டது. “இருபத்திரண்டு. அடுத்தது பதினேழு புள்ளி ஆறு. நான் எடுத்தது பதினேழரை. அடுத்தது பதினாலு. நான் எடுத்ததும் பதினாலு.” இப்படியே போயிற்று. நிர்வாகி பீக்கரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். பதினோராவது எண்ணைச் சொல்லும்போது ஒன்பதாம் வகுப்பில் யாரோ அவளுக்கு முன்னால் சொல்லிவிட்டார்கள். “ரெண்டு புள்ளி நாலு.” அவள் நோட்டில் இரண்டரை.

கேள்விக்குறி நிமிர்ந்தாள். அவள் நிமிர்ந்து நின்று நான் பார்த்தது அன்றுதான். வேதியியல் மாஸ்டர் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, “சார், முதல் நாளே என் கை சரியாத்தான் இருந்திருக்கு” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. கோப்பை கை நழுவிப் போகிற நேரத்தில் ஒரு பிள்ளை இப்படிச் சந்தோஷப்படும் என்று எனக்குத் தெரியாது. மறைக்க என்ன இருக்கிறது, அழுதேன். பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சரும் அழுதாள். அவள் கணக்கு சரியாக வந்ததற்கு அழுதாள் என்று பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை முதல்வர் என்னைக் கூப்பிட்டார். இரண்டாவது மெமோவை எழுதித் தர வேண்டும் என்றார். பள்ளியில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் இந்த மாதிரி காரியங்களும் என்னிடமே வரும். சரி சார் என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை.

‘ஆய்வக அலமாரியில் எந்தப் பாட்டிலும் எக்காரணம் கொண்டும் தோள்மட்டத்துக்குக் கீழே இருக்கக் கூடாது என்று தங்களுக்கு இப்பள்ளி கொடுத்த முதல் மெமோவைத் தாங்கள் இருபத்து மூன்று வருடம் அப்படியே கடைப்பிடித்ததற்காகவும், அவ்வாறு செய்ததைப் பதினோரு முறை எழுதி முதல்வரின் பார்வைக்கு அனுப்பி, அவர் கையொப்பம் பெற்றதற்காகவும், தவறு என்று தெரிந்த அன்றே முதல்வரிடம் நேரில் தெரிவித்ததற்காகவும், விழா முடியும்வரை பொறுக்கும்படி அவர் கூறியும் அறுநூறு மாணவர்கள் கழுவாத தொட்டித் தண்ணீரைக் குடிக்கவிடாமல் செய்ததற்காகவும், இந்த இரண்டாவது மெமோ வழங்கப்படுகிறது.’

முதல்வர் வாசித்தார். ஐந்து நாளில் அவர் வாசித்த இரண்டாவது விஷயம் அது. “இதுல தப்பா ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டேன். “இல்லை” என்றார். “டைப் பண்ணக் கொடுத்துடட்டுமா சார்? நிர்வாகிக்கு ஒரு பிரதி போகணும்ல?” மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்தார். “யோசிச்சுச் சொல்றேன்” என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாது. சொல்லலாம் என்று போவேன், முதல்வர் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது என்று திரும்பி வந்துவிடுவேன். தினமும் காலையில் அக்கா மெமோவை எதிர்பார்த்தே வந்தார். லேப் சாவிக்கொத்தில் ‘ஒப்படைக்க வேண்டியது’ என்று ஒரு சீட்டு தொங்கியது. வீட்டுக்காரர் என்னிடம் போனில், “ராத்திரி சாப்பாடே இறங்கலை டீச்சர், இவளுக்கு ஏதாவது நல்ல சேதி இருந்தா சொல்லுங்க” என்றார். அவர் வேடிக்கையாகப் பேசாமல் நான் கேட்டது அன்று மட்டும்தான். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவிடம் போய் இழுப்பறை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, “எந்த இழுப்பறை?” என்றார். “வலது பக்கம், மேலே” என்றேன். அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். சாவியிலிருந்த சீட்டை இன்னும் இரண்டு வாரம் கழித்துத்தான் கழற்றினார்.

இயந்திரங்கள் மூன்றும் திரும்ப வந்து மாட்டப்பட்டன. ஒன்று காரில் வந்தது. தொட்டியைக் கழுவினார்கள். கேள்விக்குறியும் மற்ற இரண்டு பேரும் முதலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் அளந்தார்கள். இந்தத் தடவை சீட்டில் இடம், தேதி, பிடித்தவர், ‘நிரப்ப வேண்டாம்’ எல்லாம் இருந்தன. எங்கள் தண்ணீர் ஆறில் நான்காவதாக வந்தது. நடந்ததை அவளே போட்டி நடத்தியவர்களுக்கு எழுதிப் போட்டாள். பாராட்டி ஒரு கடிதம் அனுப்பினார்கள், கோப்பையைத் திருப்பி அனுப்பும்படி அதிலேயே கேட்டிருந்தார்கள். மலரின் ஒன்பதாம் பக்கத்தை நான் புதிதாக எழுதினேன். பிழை எப்படி வந்தது, யார் கண்டார், யார் ஒத்துக்கொண்டார், யார் கணக்குப் போட்டுக் காட்டினார் என்று எழுதி, கடைசியில் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொண்டேன். பதினாறு வருடத்தில் அந்தச் சொல்லை நானாக விரும்பிப் போட்டது அன்றுதான். லேப் அக்கா என்று மட்டும் போடாமல் அவருடைய முழுப்பெயரையும் போட்டேன். அது யார் என்று ஆபீஸிலிருந்து நான்கு பேர் வந்து கேட்டார்கள்.

கோப்பை போன இடம் அலமாரியில் காலியாகத் தெரிந்தது. பெருக்குகிற அம்மா மற்ற கோப்பைகளை நகர்த்தி இடத்தை அடைத்துவிடப் பார்த்தார். அக்கா விடவில்லை. பழையபடி தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டினார். அன்றிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. அக்காவின் சீட்டாயிற்றே.

பதினோரு மாதமும் முடிந்து போன மாதம் அக்கா ஓய்வு பெற்றார். முதல்வர் இப்போதெல்லாம் பதிவேட்டை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். மாதத்தின் முதல் நாள் காலை முழுக்க அவர் அறைக் கதவு சாத்தியிருக்கும். அக்கா கடைசி நாள் எழுதியதை நானும் வாசித்தேன்:

‘வெள்ளி. மாலை 4 மணி. எல்லாப் பாட்டில்களும் தோள்மட்டம். சாவி ஒப்படைக்கப்பட்டது. கோப்பை அலமாரி, இரண்டாம் தட்டு, நடுவில் ஓர் இடம் காலி. நிரப்பவில்லை.’